அடியில் தங்கிய சிவப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். வெளிநோயாளர் பிரிவிலிருந்து வந்த சீரம் குழாயைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. பரிசோதனையில் சீரம் ஒன்றும் செய்யவில்லை. மாதிரி கெட்டுவிட்டது என்று எழுதி, புதிய மாதிரி கேட்டிருக்கிறேன். நோயாளிக்கு இன்னொரு ஊசிக்குத்து, அவ்வளவுதான். இனிமேல் குழாய் கைக்கு வந்ததும் முதல் வேலை பனிக்கட்டி. மற்றதெல்லாம் பிறகு.

இதை எழுதிய பெண்ணுக்கு ஆய்வகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் ரெண்டுதடவை. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டாள். குழாயில் ஒட்டிய எண்ணை வாசிப்பாள், கீழே வைப்பாள், உடனே சந்தேகம் வந்து மறுபடி எடுத்து வாசிப்பாள். வீட்டிலும் இதே கதைதான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இவள் எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பாள்.

"ஏண்டி, என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்று அண்ணி ஒருநாள் கேட்டாள்.

"உங்க மேல இருக்கு அண்ணி. என் மேலதான் இல்ல. நான் போகும்போது கை பட்டுத் திருகிவிட்டிருப்பேனோன்னு."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

பகலில் அவளுக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் மேற்படிப்பு வகுப்பு. வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைப் போலவே பகலெல்லாம் எங்கேயோ உழைத்துக் களைத்தவர்கள். பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் குறிப்பெடுப்பார்கள். முந்தைய நாள் திங்கட்கிழமை, ஆசிரியர் காம்ப்ளிமென்ட் என்கிற நிரப்புப் புரதங்களைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார்.

"நம்ம ரத்தத்துல முப்பது சொச்சம் புரதம் சும்மா சுத்திக்கிட்டிருக்கு. தூங்குதுன்னு வெச்சுக்கோங்க. மூணு விதமா முழிக்கும்" என்று சொல்லிப் பலகையில் மூன்று கோடுகள் இழுத்தார். "ஒண்ணு, கிருமி மேல ஆன்டிபாடி ஏற்கனவே ஒட்டியிருக்கும். அதைப் பாத்துட்டு முதல் புரதம் வந்து உக்காரும். ரெண்டாவது, கிருமியோட தோல்ல இருக்கிற சர்க்கரையை ஒரு புரதம் தடவிப் பாத்தே கண்டுபிடிச்சுடும். மூணாவதுக்கு யாரும் எழுப்பவே வேண்டாம். எப்பவும் கொஞ்சம் கொஞ்சமாத் தானா முழிச்சுக்கிட்டே இருக்கும். நம்ம செல் மேல விழுந்தா அங்க காவலுக்கு இருக்கிற புரதம் உடனே அணைச்சுடும். கிருமி மேல விழுந்தா? அணைக்க ஆளில்ல. பத்திக்கும்."

பின்வரிசையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அப்ப நம்ம ஒடம்புக்குள்ள எந்நேரமும் அடுப்பு எரியுதுன்னு சொல்றீங்க."

"சிம்ல வெச்ச அடுப்பு."

"அதான் சார், சாப்பிட்டது எதுவும் எனக்கு ஒட்ட மாட்டேங்குது."

தொந்தியைத் தடவிக்கொண்டு அவர் சொன்ன விதத்தில் வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மூன்று கோடுகளையும் ஒரு புள்ளியில் கொண்டு வந்து சேர்த்தார்.

"மூணு வழியும் வந்து சேர்ற இடம் சி-மூணு. அது ரெண்டா உடையும். சின்னத் துண்டு போய் ஆள் கூட்டிட்டு வரும். பெரிய துண்டு கிருமி மேல பூசிக்கும். பூசினதை வெள்ளை அணு லபக்குனு முழுங்கும். அதோட முடியல. சி-அஞ்சுலேர்ந்து சி-ஒன்பது வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து சேர்ந்து கிருமியோட சுவத்துல வட்டமா ஒரு ஓட்டை போடும். தண்ணி உள்ள ஏறும். கிருமி வெடிச்சுடும். மூளை உறைக் காய்ச்சல் கொண்டுவர்ற ஒரு கிருமி இருக்கு. அதை அடக்கறதுக்கு இந்த ஓட்டையத்தான் உடம்பு பெருசா நம்பியிருக்கு. வளையத்துல ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாதவங்களுக்கு அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்."

ரெண்டுதடவை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதினாள். கடைசியில், 'காம்ப்ளிமென்ட் மென்மையானது. வெளியே வைத்தால் வீணாகும்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். எவ்வளவு நேரம் வைத்தால் வீணாகும் என்றும் ஆசிரியர் சொல்லத்தான் செய்தார். அப்போது அவள் கோடு நேராக விழவில்லை என்று அழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் மேசைக்கு வந்த குழாய் ஒரு தையல்காரியின் மூத்த மகளுடையது. பதினேழு வயது. இரண்டு வருடத்துக்குள் அதே கிருமியால் இரண்டு முறை மூளை உறைக் காய்ச்சல் கண்டு பிழைத்தவள். ஒருவருக்கு ஒரு தடவை வருவதே அபூர்வம். இரண்டாம் தடவை வந்ததில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. காய்ச்சல் நன்றாகத் தணிந்து, பெண் மறுபரிசோதனைக்கு நடந்தே வந்தபோது, காம்ப்ளிமென்ட் முழுவதும் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அந்தப் பரிசோதனையின் முடிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டின் சிவப்பணுக்களைக் கழுவி, மேலே ஆன்டிபாடியைப் பூசி வைத்திருப்பார்கள். அதில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான நோயாளியின் சீரத்தை விட்டுச் சூடான தண்ணீர்த் தொட்டியில் வைப்பார்கள். சீரத்தில் எல்லாப் புரதமும் சரியாக இருந்தால் ஒன்றை ஒன்று எழுப்பிக் கடைசியில் அணுக்களில் ஓட்டை விழும். அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கத் தெளிந்த சிவப்பாகிவிடும். இடையில் ஒரே ஒரு புரதம் இல்லாவிட்டாலும் போயிற்று. ஓர் அணுவும் உடையாது. எல்லாம் அடியில் பொட்டுப் போல் தங்கிவிட, மேலே நிறமில்லாத தண்ணீர் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவரின் சீரம் விட்ட குழாய் ஒன்றும் கூட இருக்கும், அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

தையல்காரி மகளின் குழாயில் மேலே நிறமில்லாத தண்ணீர் நின்றது.

ரெண்டுதடவை பயந்துபோனாள். அந்தப் பெண்ணின் நோயை நினைத்து அல்ல. மேசைமேல் கிடந்த குழாயை நினைத்து. பக்கத்து மேசையில் சத்தம் உட்கார்ந்திருந்தார். பத்து வருடம் மூத்தவர். மெதுவாகப் பேசத் தெரியாததால் அந்தப் பெயர்.

"சார், இதுல பூஜ்யம் வருது."

"கன்ட்ரோல்?"

"நல்லாச் செவந்திருக்கு."

"அப்புறம் என்ன?"

"குழாயை நான் வெளிய வெச்சுட்டேன் சார். அரை மணி நேரம். போன்ல ஒருத்தர் புடிச்சு வெச்சுக்கிட்டாரு."

"அட நீயா? நீயே வெச்சியா?" சத்தத்தின் சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டது. "சரி விடு. வெளிய கெடந்த சீரத்துல பூஜ்யம் வராம நூறா வரும்? கெட்டுப்போச்சுன்னு எழுதிப் புதுசு கேளு. இதுக்குப் போயி மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கிற?"

அவள் எழுதினாள். அதே நோயாளியின் சி-மூன்றும் அதற்கு முன்னால் வரும் சி-நான்கும் அளவில் சரியாக இருக்கின்றன என்று வேறொரு இயந்திரம் அன்று காலையே சொல்லியிருந்தது. முன்பகுதி சரி, மொத்தமும் பூஜ்யம் என்றால் பழுது ஓட்டை போடும் கடைசி வளையத்தில்தான் இருக்கவேண்டும். முந்தைய நாள் மாலை பலகையில் கண்ட அதே படம். ஆனால் அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. தன் தவறு ஒன்று கையில் தயாராக இருக்கும்போது வேறு காரணம் தேட அவளுக்குத் தோன்றாது. அவளுடைய சுபாவமே அப்படி.

புதிய மாதிரி வரவில்லை. டாக்டரம்மா தையல்காரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். தையல்காரி, "ரத்தத்தைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு டாக்டர் மறுபடி கொடுக்கணும்? பொண்ணு நல்லாத்தான் இருக்கா. தைக்கிற சீசன் முடியட்டும், கூட்டிட்டு வர்றேன்" என்றாள். பெண் நன்றாகத்தான் இருந்தாள். டாக்டரம்மாவும் விட்டுவிட்டார். முடிவு தெரிந்திருந்தால் தடுப்பூசிகளும் தினமும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருப்பார். தெரியாத நோய்க்கு எதை எழுதுவது?

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை அதே எண் ஒட்டிய குழாய் ஆய்வக ஜன்னலுக்கு வந்தது. ரெண்டுதடவை எண்ணை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். கூடவே வார்டிலிருந்து செய்தியும் வந்தது: காய்ச்சல், நினைவில்லை, உடம்பெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் தடிப்புகள்.

 குழாயை அவள் ஒரு நொடிகூடப் பனிக்கட்டியை விட்டு விலக்கவில்லை. சீரத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜையும் குளிரவைத்த பிறகே ஓட்டினாள். ஆட்டு அணுக்களைப் புதிதாகக் கழுவினாள். இரண்டு கன்ட்ரோல் வைத்தாள். தொட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கன்ட்ரோல் இரண்டும் மாதுளைச் சாறு போல் ஒளிர்ந்தன. நடுவில் இருந்த குழாயில் மட்டும், அடியில் ஒரு பொட்டு.

வார்டுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் நர்ஸ், "எந்தப் பேஷன்ட்?" என்று கேட்டாள். எண்ணைச் சொன்னதும், "அந்தப் பொண்ணு இப்பதாம்மா போச்சு" என்றாள்.

சத்தம் அன்று சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து நின்று, தன் குரலைத் தானே அமுக்கிப் பிடித்துப் பேசினார்.

"இதையும் நம்ப முடியாதும்மா. நோய் உச்சத்துல இருக்கும்போது இருக்கிற காம்ப்ளிமென்ட் எல்லாம் செலவாகிடும். பூஜ்யம் வரலாம்."

"அன்னிக்கு காய்ச்சல் இல்லையே சார்."

"அன்னிக்கு குழாய் வெளிய இருந்துச்சு."

"அரை மணி நேரம்."

"ஆமா."

"அரை மணி நேரத்துல முழுசும் போயிடுமா?"

சத்தம் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். மூன்று நாள் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சனிக்கிழமை காலை கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, தன் ரத்தத்தைத் தானே எடுத்தாள். சீரத்தைப் பிரித்து மூன்று குழாய்களில் ஊற்றினாள். ஒன்றைப் பனிக்கட்டியில் வைத்தாள். ஒன்றை அன்றைக்குப் போலவே மேசைமேல் அரை மணி நேரம் விட்டாள். மூன்றாவதைப் பிற்பகல் முழுவதும் அங்கேயே கிடக்கவிட்டாள். சத்தம் தன் வேலையை விட்டுவிட்டு அந்த மூன்றாவது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றும் சிவந்தன. கடைசிக் குழாய் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். அரை மணி நேரக் குழாய்க்கும் பனிக்கட்டிக் குழாய்க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அப்படியென்றால் பிப்ரவரியில் குழாய் கெடவில்லை. பூஜ்யம் உண்மையாகவே பூஜ்யம். அவள் செய்த பிழை அணுவளவும் தீங்கு செய்யவில்லை. அந்தப் பிழையை அவள் நம்பியதுதான் தீங்கு செய்தது.

"இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே" என்றார் சத்தம். "போன உயிர் வரப்போறதில்ல. நானும்தான் எழுதச் சொன்னேன். ரெண்டு பேர் வேலையும் போகும்."

"அந்தப் பொண்ணுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா சார்."



டாக்டரம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். திட்டவில்லை. "நானும் ஒரு போனோட விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வர்றது இது. சின்னவளுக்கு இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. வயசு பதிமூணு. இனிமேல்தான் அவளுக்கு ஆபத்தான வயசு. ஆனா அந்தம்மா நேத்து போனை என் முகத்துல அடிச்ச மாதிரி வெச்சுட்டாங்க. ரத்தம்ங்கிற வார்த்தையைக் கேக்கவே தயாரா இல்ல."

"நான் போய்ப் பேசறேன் மேடம்."

"என்னன்னு பேசுவே?"

"நடந்ததை."

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. தையல் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. ஒரே ஒரு இயந்திரம், ஒரு மேசை, சுவரில் ஆணிக்கு ஆணி மாட்டிய பாதித் துணிகள். தையல்காரி மேசைமேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. மூலையில் சின்னவள் ஸ்டூலில் குந்தி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அளவு சட்டை கொண்டாந்திருக்கியாம்மா?" என்றாள் தையல்காரி நிமிராமலே.

"துணி தைக்க வரலக்கா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். லேப்ல வேலை."

கத்தரிக்கோல் நின்றது. "ரத்தம் கேட்டு வந்திருந்தா திரும்பிப் பாக்காமப் போயிடு."

"ரத்தம் கேட்டுத்தான் வந்திருக்கேன்."

"நல்லாயிருக்குடி உங்க நியாயம்! ஒருத்திகிட்ட எடுத்து எடுத்துப் பாழாக்கினீங்க. பெட்டியில வெக்கத் துப்பில்ல, கெட்டுப்போச்சு மறுபடி கொடுன்னீங்க. இப்ப இவளா?"

"கெட்டுப்போகலக்கா."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண்கள். ஆனால் இப்போது அவற்றில் ஈரமே இல்லை.

"உங்க பெரிய பொண்ணோட ரத்தம் கெட்டுப்போகவே இல்ல. அதுல ஒரு குறை இருந்துச்சு. டெஸ்ட் அதைச் சரியாக் காட்டுச்சு. நான்தான் குழாயைக் கொஞ்ச நேரம் வெளிய வெச்சுட்டதால கெட்டிருக்கும்னு நெனைச்சு அப்படி எழுதிட்டேன். இன்னிக்கு என் ரத்தத்தை வெச்சுப் பாத்தேன். அவ்வளவு நேரத்துல கெடாது."

"நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"நீ சரியா எழுதியிருந்தா?"

 வரும் வழியெல்லாம் அவள் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருந்தாள். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் ஒரே பதில்தான் மிஞ்சியது.

"ஊசி போட்டு, தினமும் மாத்திரை கொடுத்திருப்பாங்க. பொழைச்சிருக்க வாய்ப்பு அதிகம்."

தையல்காரி விரித்த துணியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். விரல்களுக்கடியில் துணி சுருங்கிக்கொண்டே போனது. மூலையில் சின்னவளும் ஊசியை நிறுத்திவிட்டாள்.

"இதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"சின்னவளுக்கும் அந்தக் குறை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். நான் பொய் சொல்லிக் கேட்டா நீங்க வரமாட்டீங்க. வராம இருந்தா…" 

"முடி. ஏன் நிறுத்திட்டே? வராம இருந்தா இவளும் போயிடுவா. அதானே?"

"அப்படிச் சொல்லலக்கா. இருந்தா மருந்து இருக்கு. அவளைக் காப்பாத்தலாம்."

"எனக்கு அது இருக்கா?" சின்னவளின் குரல். அம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை. ரெண்டுதடவையைப் பார்த்துக் கேட்டாள். "அக்காவுக்கு இருந்த மாதிரி எனக்கும் இருக்கா?"

"தெரியலம்மா."

"கொடுத்துடலாம்மா" என்றாள் சின்னவள் அம்மாவிடம். "எனக்குப் பயமா இருக்கு."

தையல்காரி மகளிடம் போய் அவள் மடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். ஊசியைப் பிடுங்கி நூல்கண்டில் குத்தினாள். முதுகைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். டாக்டர்கிட்ட சொல்லிடு. ஆனா ஒண்ணு. உன் கை இவ மேல படக் கூடாது. ரத்தம் எடுக்கற இடத்துல உன் மூஞ்சி எனக்குத் தெரியக் கூடாது. வேற யாராச்சும் எடுக்கட்டும்."

"சரிக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

ரெண்டுதடவை தலையாட்டினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியமில்லை. வெறுங்காலோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். வீட்டில் அண்ணி காலைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். இவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

காலைக் கழுவிய பிறகு, நாளைக்கு ரத்தம் எடுக்க வரச் சொல்லிச் சத்தத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். டாக்டரம்மாவுக்குத் தையல்காரியின் சம்மதத்தைத் தெரிவித்தாள். ஆய்வகத் தலைவரிடம் தர வேண்டிய கடிதத்தில் பிப்ரவரியில் நடந்ததை வரிசையாக எழுதி, தன் பெயரை மட்டும் கீழே போட்டாள். பிறகு நாட்குறிப்பை எடுத்தாள்.

மார்ச் 29, சனி.

நாளை ஞாயிறு, ஆனால் டாக்டர் வருகிறார். காலையில் முதலில் போய் ஆட்டு அணுக்களைப் புதிதாகக் கழுவ வேண்டும். கன்ட்ரோல் இரண்டும் நோயாளியின் குழாய் இரண்டும் வைக்க வேண்டும். பனிக்கட்டியை நிரப்பி ரத்தம் எடுக்கும் அறை வாசலில் சத்தம் சாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் வருவதற்கு முன் அங்கிருந்து வந்துவிட வேண்டும். அவர்தான் ரத்தம் எடுப்பார். குழாய் ஜன்னலுக்கு வந்ததும் நான் தொடங்குவேன். என்ன வருகிறதோ அதை அப்படியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.